லீவு நாள் கையெழுத்து

2025 பெப்ரவரி 19ஆம் திகதி, புதன்கிழமை, காலை பத்து மணிக்குக் கண்டி நகரிலுள்ள ஒரு மண்டபத்தில், பொலிஸ் உத்தியோகத்தர்களுக்கு இலவசச் சட்ட உதவி வழங்கும் திட்டம் ஆரம்பித்து வைக்கப்பட்டது. குத்துவிளக்கை ஏழு பேர் ஏற்றினார்கள். நிகழ்வு இரண்டரை மணித்தியாலம் நீடித்தது.

வரவேற்புரையின் தமிழ்ப் பகுதியை வாசித்தவன் கான்ஸ்டபிள் அழகமுத்து யுகேஷ். நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளியிருந்த ஒரு பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அவன். குரல் கணீரென்றிருக்கும். சட்டைக் கையின் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். இப்படியான விழாக்களுக்கெல்லாம் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவன் வாசித்தபோது மண்டபத்துக்குள் தமிழ் கேட்க ஆளிருக்கவில்லை. வந்திருந்த மற்றத் தமிழ்க் கான்ஸ்டபிள்கள் நாலு பேரும் வெளியே வெயிலில் வாகனங்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முடித்ததும், முடிந்ததே என்று கைதட்டினார்கள்.

"கடமையின்போது சட்டச் சிக்கலுக்கு உள்ளாகும் எந்த உத்தியோகத்தரும் இனித் தனித்து நிற்கமாட்டார்" என்பது அந்த உரையின் கடைசி வாக்கியம். சிங்களத்திலிருந்து அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவனும் அவனே. முதல்நாள் மாலை, தேநீரோடு, பத்து நிமிடத்தில்.

மேடையிலிருந்து இறங்கியவன் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டே பக்கத்திலிருந்த சாரதி சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில் சொன்னான்: "லோயர் யாருக்கு சார்ஜன்ட் தேவை? செஞ்சவனுக்குத்தானே."

சார்ஜன்ட் சிரித்தார். பதினைந்து வருடமாக யுகேஷ் சொல்லிவந்த வசனம் அது. நிலைய வாசலில், கைதான மகனைப் பார்க்க வந்த தாய்மாரிடம், தம்பியைத் தேடிவந்த அண்ணன்மாரிடம், கறுப்புக் கோட்டோடு வந்து நின்ற சட்டத்தரணிகளிடம்கூட, சற்று மரியாதையான சொற்களில், அதையே சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும்போது ஒரு திருப்தி வரும்.

அவன் அந்த நிலையத்துக்கு வந்த முதல் வருடத்திலேயே ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. தமிழர் யாராவது வாக்குமூலம் கொடுத்தால் அது சிங்களத்தில்தான் எழுதப்படும். எழுதி முடிந்ததும், தமிழில் வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தியதாகவும் கொடுத்தவர் சரியென ஏற்றுக்கொண்டதாகவும் அடியில் இரண்டு வரி எழுதி, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த உத்தியோகத்தர் லீவில் போனால் என்ன செய்வது? பொறுப்பதிகாரி வழி கண்டுபிடித்தார். லீவுக்குப் போகுமுன் யுகேஷ் பத்து வெற்றுத் தாள்களின் அடியில் அந்த இரண்டு வரியையும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடவேண்டும். மேலே என்ன வருமென்பது பிறகு பார்த்துக்கொள்ளப்படும். நிலையத்தில் அவற்றுக்கு "தெமள கொள" என்று பேர். தமிழ்த் தாள்கள். லீவு விண்ணப்பத்தோடு தாள்களும் மேசையில் இருந்தால்தான் பொறுப்பதிகாரி பேனாவைத் திறப்பார்.

யுகேஷுக்கு இதில் மனவருத்தம் இருக்கவில்லை. பெருமைதான் இருந்தது. தானில்லாமல் நிலையம் ஓடாது என்பதற்குச் சான்றாக அந்தத் தாள்களை அவன் நினைத்தான். திரும்பி வந்ததும் எத்தனை தாள் செலவாகியிருக்கிறது என்று பார்ப்பான். என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

கண்டி விழாவுக்கு ஒரு மாதம் முன், 2025 தைப்பொங்கலுக்கு மூன்று நாள் லீவெடுத்து, மனைவி மதுஷாவோடு மடுல்கெல்லையிலிருந்த தன் தாயின் வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது ஒரு தாள் குறைந்திருந்தது.

மார்ச் மாதம் அந்த ஒரு தாள் கடிதமாகத் திரும்பி வந்தது. ஜனவரி 15ஆம் திகதி மாலை நாலு மணிக்கு, லீவில் இருந்தபோது, ராக்கம்மா என்னும் பெண்ணின் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியதாகப் பொய்ச் சான்று எழுதிய குற்றச்சாட்டு. அந்தப் பெண் மேலிடத்துக்கு முறையிட்டிருந்தாள். யுகேஷ் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டான். ஒழுக்காற்று விசாரணையில் குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும். சீருடையை ஒப்படைத்த அன்று மடவளையில் வாடகைக்கு இருந்த மேல்மாடி வீட்டின் படிகளில் சாதாரணச் சட்டையோடு ஏறினான். கீழே கடை வைத்திருந்த வீட்டுக்காரர் ரஸீன் நிமிர்ந்து பார்த்தார். பொலிஸ்காரரை ஊர் கூப்பிடும் பேரில்தான் அவரும் அவனைக் கூப்பிடுவார்.

"என்ன ராலாமி, இண்டைக்கு சிவில்ல?"

"லீவு நானா."

"லீவு நல்லம்" என்றார் ரஸீன். கதை அவருக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது.

திட்டம் நினைவுக்கு வந்தது. எந்த உத்தியோகத்தரும் தனித்து நிற்கமாட்டார். படிவம் ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தில் நிலையப் பொறுப்பதிகாரியின் சிபாரிசு வேண்டும். அதாவது வெற்றுத் தாள் வழியைக் கண்டுபிடித்த மனிதரின் சிபாரிசு. யுகேஷ் அதைப் பற்றி நினைக்காமல் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். நாலாம் நாள் படிவம் திரும்பி வந்தது. சிபாரிசுக் கட்டத்தில் பொறுப்பதிகாரியின் வட்டமான கையெழுத்தில் இப்படி இருந்தது: குறித்த திகதியில் உத்தியோகத்தர் லீவில் இருந்தார். கடமையின்போது நிகழ்ந்த விடயமன்று. சிபாரிசு செய்யவில்லை.

மதுஷா கண்டியில் ஒரு மருந்துக் கடையில் காசாளராக இருந்தாள். வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் அந்த வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்ப கடமையில இருந்து பொய்யெழுதியிருந்தா லோயர் குடுப்பாங்க. லீவுல இருந்து எழுதுனா குடுக்க மாட்டாங்க. அப்புடித்தானே?"

"சட்டம் அப்புடித்தான்."

"நல்லாத்தான் மொழிபெயர்த்திருக்கீங்க மேடையில" என்றாள்.

தனியார் சட்டத்தரணி வைக்க வழியில்லை. இடைநிறுத்தத்தில் கிடைத்த பாதிச் சம்பளத்தில் வாடகை போனால் மிச்சம் எதுவுமில்லை. கடைசியில் அவன், தன் வாழ்நாளில் மிதிக்கமாட்டேன் என்று நினைத்திருந்த ஒரு படிக்கட்டை மிதித்தான். கண்டியில், நீதிமன்றத்துக்குப் போகும் பாதையில், ஒரு புத்தகக் கடைக்கு மேலே, வசதியில்லாதவர்களுக்காக ஒரு தொண்டமைப்பு நடத்திய சட்ட உதவி அலுவலகம். எண் எழுதிய அட்டையொன்றைக் கையில் கொடுத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பதினேழாம் எண்.

பெஞ்சில் இருந்த முகங்கள் அவனுக்குப் பழக்கமானவை. ஆட்களைத் தெரியாது. வகையைத் தெரியும். பிளாஸ்டிக் பையில் மடித்த கடதாசிகளோடு, யாராவது பெயரைக் கூப்பிடும்வரை மூச்சைக்கூட மெதுவாக விடும் வகை. இந்த வகையோடு ஒரே பலகையில் உட்காரவேண்டி வந்ததே என்று அவன் ஓரமாக, பாதி வெளியே தொங்கியபடி உட்கார்ந்தான்.

"நல்லா உள்ள தள்ளி ஒக்காருங்க தம்பி. விழுந்துருவீங்க." பக்கத்திலிருந்த பெண் பையை எடுத்து மடியில் வைத்து இடம் கொடுத்தாள். ஐம்பது வயதிருக்கும். தோடம்பழமொன்றை உரித்துக்கொண்டிருந்தாள். "என்னா கேசு?"

"வேலப் பிரச்சின."

"எந்தத் தோட்டம்?"

"மடுல்கெல்ல."

"அட, நம்ம பக்கந்தான். நாங்க டவுன் பக்கம் வந்து ஏழு வருசமாச்சி." பழத்தில் பாதியைப் பிய்த்து அவன் கையில் வைத்தாள். வேண்டாமென்று சொல்லுமுன் கதையும் தொடங்கிவிட்டது.

அவளுடைய புருஷன் கறுப்பையா மரக்கறிக் கடையொன்றில் மூட்டை தூக்குபவர். பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் ரோட்டோரமாக நடந்து வந்தவரை ஒரு வேன் அடித்துவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. வேன் ஒரு ஹார்ட்வெயார் முதலாளியுடையது. அவள் பொலிசுக்குப் போய்ச் சேருமுன் முதலாளி போய்ப் பொறுப்பதிகாரியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சிங்களத்தில் கேட்டார்கள், தெரிந்த சிங்களத்தில் சொன்னாள், கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். இப்போது பார்த்தால் அந்த வாக்குமூலத்தில், புருஷன் குடித்துவிட்டு ரோட்டுக்குக் குறுக்கே ஓடியதாக அவளே சொல்லியிருக்கிறாள்.

"சாராய வாடைக்கே வாந்தியெடுக்குற மனுசன்" என்றாள். "அதுல பாருங்க, ஒரு தமிழ் ராலாமி எல்லாத்தையும் எனக்கு வாசிச்சுக் காட்டுனாருன்னு எழுதியிருக்காம். அன்னைக்கி அந்த ஸ்டேசன்ல தமிழ்ல ஒரு நாய்கூடக் கொரைக்கல. கேட்டா அந்தாளு பொங்கலுக்கு லீவாம். ஆளு பொங்கத் திங்கப் போயிட்டாரு, கையெழுத்து மட்டும் வேலைக்கு வந்துருச்சி."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யுகேஷும் சிரித்தான். சிரிக்காமலிருந்தால் கவனிப்பார்கள் என்பதற்காக மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே சிரித்தான்.

உள்கதவு திறந்தது. "பதினேழு. அழகமுத்து யுகேஷ் ஆர்?"

அவன் எழுந்தான். பெண்ணின் கை பழத்தோலோடு அப்படியே நின்றது. அந்தப் பெயரை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் மடியிலிருந்த பையை எடுத்து, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தாள்.

"பழத்தக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

கொடுத்துவிட்டுத்தான் போனான்.

சட்டத்தரணி யசோதினி யாழ்ப்பாணத்துக்காரி. கண்டியில் கலியாணம் செய்து இருபது வருடமாகியும் பேச்சு மாறாதவள். அவனுடைய கடதாசியை நின்றபடியே வாசித்தாள்.

"உங்களுக்காக நான் ஆஜராக ஏலாது. வெளியில இருக்கிற அம்மாவுக்கு நாங்கள்தான் ஆஜராகிறம். ஒரே கந்தோர் ரெண்டு பக்கமும் நிக்கேலாது."

"எனக்கு வேற போக்கிடம் இல்ல மிஸ்."

"ஓம், தெரியும்." கதிரையைக் காட்டவில்லை. "2021ஆம் ஆண்டு ஒரு பெடியனைப் பாக்க உங்கட ஸ்டேஷனுக்கு வந்தனான். லோயர் தேவைப்படுற ஆக்கள் இஞ்ச ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லி ஒரு மணித்தியாலம் மழைக்குள்ள நிப்பாட்டி வச்சது நீங்கள். ஞாபகம் இருக்கோ?"

"இல்ல மிஸ்."

அது உண்மை. அப்படி நிறுத்திவைத்தவர்கள் அநேகம். ஒவ்வொருவராக எப்படி ஞாபகம் வைப்பது?

"ஒண்டு மட்டும் செய்யலாம்" என்றாள் யசோதினி. "வெறுந்தாளில கையெழுத்து வாங்கி வைக்கிற பழக்கம் அங்க இருக்கெண்டு ஒரு சத்தியக்கடதாசி தாங்கோ. அந்த அம்மாவின்ர வழக்கு நிமிரும்."

"என்ட வேல?"

"போகும். போகாதெண்டு நான் பொய் சொல்லமாட்டன்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். பெஞ்சைப் பார்க்காமல் கடந்தான்.

அந்தப் படிக்கட்டுக்கு எதிரே நீதிமன்றக் கடமையில் எப்போதும் இரண்டு பொலிஸ்காரர் நிற்பார்கள். ஆகவே மறுநாள் காலையிலேயே பொறுப்பதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. ஸ்டேஷனுக்கு வேண்டாம், வாடிவீட்டு விடுதிக்கு வரட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். சோடாவும் வறுத்த கடலையும் மேசையில் இருந்தன.

"ஐசே, அந்த மேல்மாடிக்கெல்லாம் ஏன் போறே?" என்றார் சிங்களத்தில். குரலில் உண்மையான மனத்தாங்கல் இருந்தது. "நாங்க செத்தா போனோம்? நான் உன்ட படிவத்தத் திரும்பப் பாத்தேன். அவசரத்தில எழுதிட்டேன். நீ லீவில இருந்தது சரி. ஆனா பதினைஞ்சாம் திகதி நாலு மணிக்கு நீ வந்துட்டுப் போனியே. ஒரு மணித்தியாலம். பொம்பிளைக்கு வாசிச்சுக் காட்டிட்டு அடுத்த பஸ்ஸில மடுல்கெல்லைக்குப் போயிட்டே. மறந்துட்டியா?"

யுகேஷ் கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரவுப் புத்தகத்தில பதிஞ்சிருக்கு" என்றார் பொறுப்பதிகாரி. "போய்ப் பார். உன் நம்பரே இருக்கு. லீவிலயும் வந்து கடமை செஞ்ச ஆள். அப்ப அது கடமை நேரம். அப்ப உனக்கு இலவச லோயர் உண்டு. நான் சிபாரிசு செய்றேன்."

எல்லாம் எவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறது என்பதை யுகேஷ் ஒரு தொழில்காரனின் மரியாதையோடு கவனித்தான். பொய் சொன்னால் உதவி கிடைக்கும். உதவி கிடைத்தால் பொய் நிற்கும். தான் முட்டாள் என்று நினைத்திருந்த இந்த மனிதர், தன்னைவிடப் பெரிய தொழில்காரர்.

"சரி சேர்" என்றான்.

வீட்டில் சொன்னபோது மதுஷா சோற்றுப் பானையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கி நாலு மணிக்கி நீங்க எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். அத்த வீட்டு வாசல்ல பாயப் போட்டுத் தூங்குனீங்க. வாயப் பொளந்துக்கிட்டு. நாந்தான் ஈ வெரட்டுனேன்."

"வேல போனா என்னா செய்றது?"

"நான் ஒண்ணும் சொல்லலயே. தூக்கத்துலயே ஸ்டேசனுக்கு வந்து கடம செஞ்சிட்டுப் போற ஆள எங்க வீட்ல கட்டிக் குடுத்திருக்காங்கன்னு இப்பத்தான் தெரியுது. பெருமையா இருக்கு." கரண்டியைத் தட்டி வைத்தாள். "கேட்டா நானும் அதத்தான் சொல்லணுமா?"

"ஒன்ன யாரும் கேக்க மாட்டாங்க."

"ஆமா. அதுவும் சரிதான்."

திட்டத்தின் சட்டத்தரணி உடவத்த என்பவர் வியாழக்கிழமைகளில் மட்டும் வருவார். யுகேஷின் கோப்பை அவர் திறந்ததை யுகேஷ் பார்க்கவில்லை. மூடியபடியே அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, இது சின்ன விசயம் என்றார். வந்தாய், வாசித்தாய், போனாய், மூன்று சொல், நாலாவது சொல் பேசாதே என்றார். பிறகு ஒருவரைக் கூப்பிட்டு, தானும் யுகேஷும் கைகுலுக்குவது போல ஒரு படம் எடுக்கச் செய்தார். திட்டத்தின் முதல் பயனாளி அவன்தானாம். படத்துக்குச் சிரிக்கச் சொன்னார்கள்.

விசாரணை ஜூலை 17ஆம் திகதி நடந்தது. அதற்கு முன் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நிர்வாக சேவைக்காரர். காதில் கருவி மாட்டியிருந்தார், பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறவர். காலையில் யுகேஷ் சாட்சியமளித்தான். வந்தேன், வாசித்தேன், போனேன். வரவுப் புத்தகம் காட்டப்பட்டது. உடவத்த தலையை மட்டும் ஆட்டினார். பதினொரு மணிக்கு ராக்கம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். கூட வந்திருந்த யசோதினியை, சாட்சிக்குச் சட்டத்தரணி தேவையில்லையென்று வெளியே தாழ்வாரத்தில் இருக்கச் சொன்னார்கள்.

அப்போதுதான் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்பது தெரியவந்தது. அவருக்கு வேறொரு நீதிமன்றத்தில் வழக்கு. விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறையும் தள்ளிப்போட்டால் மேலிடத்துக்குக் காரணம் எழுதவேண்டும்.

"இங்கே தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?"

அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் யுகேஷைப் பார்த்தார்கள்.

எழுதுவினைஞர் இருமினார். குற்றஞ்சாட்டப்பட்டவரே மொழிபெயர்ப்பது முறையா என்று மெல்லக் கேட்டார். விசாரணை அதிகாரி உடவத்தவைப் பார்த்தார். உடவத்த எழுந்து, தம் தரப்புக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்றார். அன்றைக்கு அவர் முழு மனதோடு சொன்ன ஒரே வாக்கியம் அதுவாக இருக்கலாம். உட்காரும்போது யுகேஷின் தோளை லேசாகத் தட்டினார்.

யுகேஷ் எழுந்து போய் ராக்கம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றான்.

"இவரா?" என்றாள் அவள். "நான் பேசுறத இவரா சொல்லப் போறாரு?"

"வேற ஆளில்லம்மா" என்றான் யுகேஷ்.

"அன்னைக்கி இல்லாத ஆளு இன்னைக்கி இருக்காரே. அதுவே பெருசு."

"என்ன சொல்கிறாள்?" என்றார் விசாரணை அதிகாரி.

இந்த இடத்தில் யுகேஷைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பதினைந்து வருடத்தில் எத்தனையோ வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்தவன், தான் நேரில் நின்று செய்த மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றியதில்லை. அடி வாங்கியவன் சொன்ன கெட்ட வார்த்தையைக்கூட, அதற்கு ஈடான சிங்களக் கெட்ட வார்த்தையைத் தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கிறான். கையெழுத்து வேறு, மொழிபெயர்ப்பு வேறு என்பது அவனுடைய கணக்கு. முதலாவது நிலையத்தின் வேலை. இரண்டாவது அவனுடைய வேலை. இப்படியொரு கேவலமான கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பதினைந்து வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

"அன்றைக்கு இல்லாத ஆள் இன்றைக்கு இருக்கிறார், அதுவே பெரிய விசயம் என்கிறார்" என்றான், சிங்களத்தில்.

உடவத்த நிமிர்ந்தார்.

விசாரணை அதிகாரி கேள்விகளைத் தொடங்கினார். பெயர், வயது, விபத்து நடந்த நேரம். ராக்கம்மா சொன்னாள். யுகேஷ் சொன்னான். புருஷன் குடிப்பாரா? சாராய வாடைக்கே வாந்தியெடுப்பார். யுகேஷ் வாந்தியையும் சேர்த்துச் சொன்னான். பிறகு அந்தக் கேள்வி வந்தது: இந்த உத்தியோகத்தர் ஜனவரி 15ஆம் திகதி உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினாரா?

ராக்கம்மா யுகேஷின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"இந்த ராலாமிய எனக்குத் தெரியாது. லோயரம்மா ஆபீசுல ஒருக்கா பாத்தேன். பாதி தோடம்பழம் குடுத்தேன். அதுக்கு முன்ன பாத்ததே இல்ல. ஸ்டேசன்ல யாரும் எனக்கு எதையும் வாசிக்கல."

சொல்லிவிட்டு அவனுடைய வாயைக் கவனித்தாள். அவளுக்கும் ஓரளவு சிங்களம் விளங்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு விளங்குவதை யார் கேட்கப்போகிறார்கள்? எழுதுவினைஞரின் பேனா காத்திருந்தது. சிங்களத்தில் இரண்டே சொல் போதும்: "மதக நே." ஞாபகமில்லை. அவள் அப்படிச் சொன்னதாக எழுதப்படும், அவன் அடியில் கையெழுத்து வைப்பான், அடுத்த திங்கட்கிழமை சீருடை திரும்பக் கிடைக்கும். உடவத்த மேசையில் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பரிசு கொடுக்கக் காத்திருக்கும் மாமனைப் போல முகத்தை வைத்திருந்தார். யுகேஷ் அந்த முகத்தைப் பார்த்தான். இந்த ஆள் கோப்பையே திறக்கவில்லை. அந்த ஆள் கடலை தின்றுகொண்டே புத்தகத்தைத் திருத்தினார். தான் பாய்மீது வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். இதில் சுயபுத்தியோடு வேலை செய்தது இந்தப் பொம்பிளை ஒருத்திதான்.

"இந்த உத்தியோகத்தரைத் தனக்குத் தெரியாது என்கிறார்" என்றான். "சட்ட உதவி அலுவலகத்தில் ஒருமுறை கண்டாராம். பாதித் தோடம்பழம் கொடுத்தாராம். அதற்கு முன் கண்டதே இல்லையாம். பொலிஸ் நிலையத்தில் யாரும் தனக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை என்கிறார்."

உடவத்தவின் விரல்கள் மடங்கின.

"தோடம்பழத்தையும் எழுதணுமா சேர்?" என்று கேட்டார் எழுதுவினைஞர்.

விசாரணை அதிகாரி காதுக் கருவியைச் சரிசெய்தார். "எழுது."

எழுதி முடிந்ததும் தாள் யுகேஷிடம் வந்தது. அடியில் அந்த இரண்டு வரியை எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எழுதுவினைஞர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பன்னிரண்டேகால்.

"முதல்ல வாசிச்சுக் காட்டணும்" என்றான் யுகேஷ்.

"அதெல்லாம் தேவையில்ல, நேரமாகுது."

"வாசிச்சுக் காட்டினதா எழுதணுமே."

நின்றபடியே முழுவதையும் தமிழில் வாசித்தான். மேடையில் வாசித்த அதே குரல். ராக்கம்மா ஒவ்வொரு வரிக்கும் "ம்" என்றாள். ஓரிடத்தில் நிறுத்தி, கால் எடுத்தது முழங்காலுக்குக் கீழே என்று திருத்தினாள். திருத்தம் எழுதப்பட்டது. அவள் கையெழுத்து வைத்தாள். அவனும் இரண்டு வரியை எழுதிக் கையெழுத்து வைத்தான். அவள் அதை எட்டிப் பார்த்தாள்.

"கையெழுத்து அழகாத்தான் இருக்கு" என்றாள். எழுந்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

உடவத்த கோப்பைப் பைக்குள் வைத்தார். அப்போதும் திறக்கவில்லை.

அழகமுத்து யுகேஷ் 2025 ஒக்டோபர் 3ஆம் திகதியிலிருந்து சேவையிலிருந்து நீக்கப்பட்டான். பொய்ச் சான்று எழுதியதும், விசாரணையில் பொய்ச் சாட்சியம் அளித்ததும் நிரூபிக்கப்பட்டதாகக் கடிதம் கூறியது. சான்றாக இணைக்கப்பட்டிருந்த ஆவணங்களில் முதலாவது அவன் மொழிபெயர்த்த வாக்குமூலம். வரவுப் புத்தகத்திலிருந்த பதிவு எழுத்துப் பிழை எனக் கொள்ளப்பட்டது. பொறுப்பதிகாரி இடமாற்றம் பெற்று வேறு மாவட்டத்துக்குப் போனார். கறுப்பையாவின் வழக்கு புதிய வாக்குமூலத்தோடு நவம்பரில் அழைக்கப்பட்டு, அடுத்த வருடம் மார்ச் மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்தப் பொலிஸ் நிலையத்துக்குத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இன்னும் நியமிக்கப்படவில்லை.